மழைக்காலமும் வெளிக்கூடும்

ஐப்பசி பிறந்து வானம் மூடத் தொடங்கியதும், தோட்டத்திலோ மொட்டைமாடியிலோ கினிப்பன்றி வளர்ப்பவர்கள் முதலில் வாங்குவது தார்ப்பாய். கூட்டின் மேல் அதைப் போர்த்தி நான்கு மூலையிலும் கயிறு கட்டிவிட்டால் மழைக்கான ஏற்பாடு முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். கூரை ஒழுகாவிட்டால் உள்ளே இருப்பது நனையாது என்ற கணக்கு பார்வைக்குச் சரிதான். ஆனால் ஈரம் அந்த விலங்கை நான்கு வழிகளில் வந்து சேர்கிறது: மேலிருந்து மழையாக, பக்கவாட்டில் சாரலாக, தரையிலிருந்து ஓதமாக, கூட்டுக்குள்ளிருந்தே அதன் சிறுநீராகவும் மூச்சாகவும். தார்ப்பாய் முதல் வழியை அடைக்கும். இரண்டாவதை ஓரளவு தடுக்கும். மூன்றாவதை எட்டவே எட்டாது. நான்காவதை இன்னும் மோசமாக்கும். ஆகவே மழையை மறைப்பது சிறு வேலை. உள்ளே சேரும் ஈரத்தை அன்றன்றைக்கு வெளியே எடுப்பதுதான் பெரிய வேலை. அந்தப் பெரிய வேலையைச் செய்ய முடியாத நாள்களில் கூடு வெளியே இருக்கக் கூடாது. இந்த அத்தியாயம் முழுவதும் சொல்லப்போவது இவ்வளவுதான். ஏன் அப்படி என்பதையும், எதிர்த்துக் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு என்ன பதில் என்பதையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நனைந்த ரோமத்தின் கணக்கு

ஈரம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? வளர்ந்த கினிப்பன்றியின் எடை பொதுவாக 700 கிராமிலிருந்து 1,200 கிராம் வரை. ஒரு கிலோ எடையுள்ள பாலூட்டி ஒன்று ஓடாமல் ஆடாமல் ஒரு நாள் முழுவதும் உயிரோடிருக்க மட்டும் செலவிடும் ஆற்றல் ஏறத்தாழ 70 கிலோ கலோரி. இப்போது அதன் ரோமத்தில் இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 மில்லி தண்ணீர் ஊறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 0.58 கிலோ கலோரி வெப்பம் தேவை. 30 கிராமும் ஆவியாக 17 கிலோ கலோரிக்கு மேல் வேண்டும். அந்த உயிரின் கால் நாள் செலவு அது. அத்தனை வெப்பமும் உடலிலிருந்தே போகாது, சுற்றியுள்ள காற்றும் கொஞ்சம் கொடுக்கும் என்பது உண்மை. ஆனாலும் உடலிலிருந்து போகும் பங்கே ஒரு சிறு விலங்கை நடுங்கவைக்கப் போதும். உடல் சிறிதாக இருப்பதால் எடையோடு ஒப்பிடும்போது அதன் தோல்பரப்பு அதிகம். வெப்பம் இழக்கும் வாசல் பெரிது, சேமித்துவைக்கும் கிடங்கு சிறிது. பிறக்கும்போது 100 கிராமைச் சுற்றியே எடையிருக்கும் குட்டிகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமை. அவை ரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறந்து சில மணி நேரத்தில் ஓடத் தொடங்குவதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

‘நம் ஊரில் குளிரே கிடையாதே, பிறகென்ன?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சென்னையில் நவம்பர் இரவுகளிலும் வெப்பநிலை பெரும்பாலும் 22 டிகிரிக்குக் கீழே போவதில்லை. ஆய்வகங்களில் கினிப்பன்றிகளுக்கு வகுத்திருக்கும் அளவு 18 முதல் 26 டிகிரி. காய்ந்த ரோமத்தோடு இருக்கும் விலங்குக்கு நம் கடலோர மழைக்காலம் உண்மையில் வசதியான பருவம்தான். சித்திரை வெயிலோடு ஒப்பிட்டால் சொர்க்கம். ஆனால் அதே வழிகாட்டுதல் காற்றின் ஈரப்பதம் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. அடைமழை நாள்களில் கடலோர ஊர்களின் காற்று 80, 90 சதவீதத்திலேயே நிற்கும். வெப்பமானியில் தேறிவிடும் பருவம் ஈரமானியில் தோற்றுவிடுகிறது. வேறோர் ஆபத்தும் இங்கே உண்டு. ஈரமும் வெதுவெதுப்பும் ஒன்றுசேர்ந்தால் பூசணம் வளரும், ஈ முட்டையிடும், சிறுநீர் வேகமாக அழுகும். குளிர் இல்லாததால் நமக்குச் சிக்கல் குறையவில்லை. அதன் வகை மாறியிருக்கிறது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இரவுக் குளிரும் சேர்ந்துகொள்வதால் அங்கே வெளிக்கூடு இருமடங்கு சுமை.

இரண்டாவது கேள்வி பூர்வீகத்தைப் பற்றியது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் திறந்த வெளியில் வாழ்ந்த இனத்துக்கு ஒரு மழை என்ன செய்துவிடும்? இதற்கு அந்த மலை மக்களின் வழக்கமே பதில் சொல்கிறது. பெரு, பொலிவியா, ஈக்வடார் நாடுகளின் மேட்டு நிலங்களில் பல ஆயிரம் ஆண்டுகளாக இவற்றை வளர்த்துவரும் குடும்பங்கள் காலங்காலமாக அவற்றை விட்டிருப்பது வீட்டுக்குள், அதிலும் அடுப்பு எரியும் சமையலறையில். இறைச்சிக்காக வளர்த்தவர்களே அடுப்போரம் இடம் கொடுத்தார்கள் என்றால் அதில் செல்லம் கொஞ்சல் எதுவும் இல்லை, அனுபவம் இருக்கிறது. காட்டில் திரியும் உறவினங்களும் மழையில் நின்று நனைவதில்லை. அடர்ந்த புல்லுக்குள்ளும் பாறை இடுக்குகளிலும் பிற விலங்குகள் தோண்டிய வளைகளிலும் ஒதுங்குகின்றன. கூட்டில் அடைபட்ட விலங்குக்கு ஒதுங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி கிடையாது. நாம் காட்டும் மூலைதான் அதன் உலகம்.

‘இங்கிலாந்தில் தோட்டத்து மரக்கூட்டில் வளர்க்கிறார்களே’ என்பது மூன்றாவது வாதம். அங்கே அந்த வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஆனால் அங்குள்ள விலங்கு நல அமைப்பான ஆர்.எஸ்.பி.சி.ஏ.வே, வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போனால் உள்ளே கொண்டுவரச் சொல்கிறது. படங்களில் நாம் பார்க்கும் பசும்புல் தரையும் மரக்கூடும் பெரும்பாலும் அவர்களுடைய கோடைக்காலத்து ஏற்பாடு. அதைப் பார்த்து நம் கார்த்திகை மாதத்துக்குக் கூடு செய்தால் பருவம் பொருந்தாது.

தரையிலிருந்து தொடங்குங்கள்

கூடு செய்பவரிடம் பேசும்போது கூரையைப் பற்றிப் பேசும் முன் தரையைப் பற்றிப் பேசுங்கள். கூட்டின் அடிப்பலகை நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்திலாவது நிற்கவேண்டும். கால்களை நேராக மண்ணில் ஊன்றினால் மரம் ஈரத்தை உறிஞ்சி மேலேற்றும். ஹாலோ பிளாக் கல்லின் மேலோ கடப்பாக்கல் துண்டின் மேலோ நிறுத்தினால் அந்த வழி அடைபடும். கூட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்காதபடி மண் மேடாக இருக்கட்டும். கம்பிவலைத் தரை போட்டால் சிறுநீர் தானே கீழே போய்விடும், கழுவும் வேலை மிச்சம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அதை ஏற்க முடியாது. கினிப்பன்றியின் பாதத்தில் ரோமம் இல்லை, தோலும் மெல்லியது. கம்பியின் மேல் நின்றால் எடை முழுவதும் சில கோடுகளில் இறங்கும். ஈரத்தில் ஊறிய பாதம் எளிதில் கிழியும். கிழிந்த இடத்தில் கிருமி புகுந்து, வீங்கி, புண்ணாகி, எலும்புவரை இறங்கும். இந்தப் பாதப்புண் ஆற மாதக்கணக்காகும். சில நேரம் ஆறாமலே போகும். கம்பியின் இடைவெளியில் கால் மாட்டி முறிவதும் உண்டு. எனவே கெட்டியான, வழவழப்பான பலகைத் தரையும், அதன் மேல் உறிஞ்சும் படுக்கையும் வேண்டும்.

அந்தப் படுக்கை எவ்வளவு நீரைச் சமாளிக்கவேண்டும் என்பதைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. கினிப்பன்றி ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 100 மில்லி அளவில் தண்ணீர் குடிக்கும். கீரையிலும் புல்லிலும் இருக்கும் நீர் தனி. இரண்டு விலங்குகள் இருக்கும் கூட்டில், வானத்திலிருந்து ஒரு சொட்டும் விழாத நாளிலும், ஒரு தம்ளர் நீர் ஏதோ ஒரு வடிவத்தில் உள்ளே வந்துசேர்கிறது. கோடையில் அதில் பெரும்பங்கைக் காற்றே வாங்கிக்கொண்டு போய்விடும். மழைக்காலக் காற்று ஏற்கெனவே நிறைந்த பாத்திரம். அதில் மேற்கொண்டு எதுவும் கொள்ளாது. வெயில் காலத்தில் மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றிய படுக்கையை மழைக்காலத்தில் தினமும் மாற்றவேண்டியிருப்பது இதனால்தான். ஈரமான படுக்கை தானாகக் காயாது. எடுத்து வெளியே போட்டால்தான் ஈரம் கூட்டைவிட்டுப் போகும். அடியில் நாலைந்து தாள் செய்தித்தாள், அதன் மேல் தூசியில்லாத மரச்சீவல், அதற்கு மேல் காய்ந்த புல் என்ற அடுக்கு எளிது, செலவும் குறைவு. தேவதாரு, பைன் மரச்சீவல்களின் வாசனை எண்ணெய் மூச்சுக்குழலை உறுத்தும் என்பதால் அவற்றைத் தவிர்க்கலாம். தென்னை நார்த்தூள் நீரை நிறையப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதை விடாது. செடித்தொட்டிக்கு அது குணம், படுக்கைக்கு அதுவே குற்றம். துணிவிரிப்பு போடுபவர்கள் மழைக்காலத்துக்கு இருமடங்கு வாங்கி வைக்கவேண்டும். துவைத்த துணி இரண்டு நாளானாலும் நசநசவென்று கிடக்கும் பருவம் இது. இடம் பெரிதாக இருப்பதும் ஈரத்துக்கு எதிரான ஏற்பாடே: அதே அளவு சிறுநீர் எட்டுச் சதுர அடியில் பரவும்போது, மூன்று சதுர அடியில் தேங்குவதைப்போல் ஊறாது. இரண்டு விலங்குகளுக்கு எட்டுச் சதுர அடிக்குக் குறையாமல் இருக்கட்டும்.

கூரைக்கும் சுவருக்கும் சொல்லவேண்டியது சிலதே. கூரை நான்கு பக்கமும் ஒன்றரை அடி வெளியே நீண்டு, பின்பக்கம் சரிந்து இருக்கட்டும். தகரக் கூரையில் விழும் மழையின் சத்தம் இந்தப் பயந்த பிராணியை உறையவைத்து, தின்னாமல் மூலையில் ஒடுங்கச் செய்யும். தகரத்தின் மேல் தென்னங்கீற்று போட்டால் சத்தமும் அடங்கும், வெயில் நாளில் சூடும் குறையும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஊர்களில் வாடைக்காற்றோடுதான் சாரல் வரும் என்பதால் கூட்டின் திறந்த முகம் தெற்கையோ மேற்கையோ பார்க்கவேண்டும். கன்னியாகுமரி, வால்பாறை போலத் தென்மேற்குப் பருவமழையும் பலமாகப் பெறும் இடங்களில் ஆனி, ஆடியில் முகத்தைத் திருப்பவேண்டியிருக்கும். ஆகவே அங்கே தூக்கி மாற்றக்கூடிய கூடு நல்லது. கூட்டின் மூன்றில் ஒரு பங்கு முழுக்க மூடிய படுக்கையறையாக இருக்கட்டும். ஒன்றாகப் படுத்துச் சூட்டைப் பகிர்ந்துகொள்ளத் துணையும் வேண்டும். இந்த விலங்கைத் தனியாக வளர்ப்பது எந்தப் பருவத்திலும் சரியல்ல.

காற்றை அடைத்தால் என்ன ஆகும்

நாலாபுறமும் தார்ப்பாயால் இறுக மூடிவிடுவதே பாதுகாப்பு என்ற எண்ணம்தான் மழைக்காலத்தில் அதிகக் கேடு செய்வது. அதற்குச் சொல்லும் காரணம் மேலோட்டமாகப் பார்த்தால் வலுவானது: வெளிக்காற்றே ஈரமாக இருக்கும்போது அதை உள்ளே விடுவதால் என்ன லாபம்? படுக்கையைக் காயவைப்பதில் லாபம் அதிகமில்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் காற்றோட்டத்துக்கு இன்னொரு வேலை இருக்கிறது. சிறுநீர் சிதையும்போது அம்மோனியா வாயு கிளம்பும்; படுக்கை ஈரமாக இருக்க இருக்க அது கூடும். மூச்சுக்குழலின் உட்சுவரில் அழுக்கையும் கிருமியையும் வெளியே தள்ளும் நுண்ணிய மயிரிழைகளை அம்மோனியா முடக்குகிறது. அதன்பின் போர்டெடெல்லா, நிமோகாக்கஸ் போன்ற கிருமிகளுக்கு வழி திறந்துவிடும். கினிப்பன்றிகளின் உயிரைப் பறிக்கும் நோய்களில் நிமோனியா முன்வரிசையில் நிற்கிறது. மழையில் சளி பிடித்து இறந்துவிட்டது என்று சொல்லப்படும் பல சாவுகளுக்குப் பின்னால் நனைதல் மட்டும் இல்லை, புழுங்கிய கூடும் இருக்கும். முயலும் நாயும் போர்டெடெல்லாவைத் தமக்கு நோயில்லாமலே சுமக்கக்கூடும். மழைக்காக எல்லாவற்றையும் ஒரே கொட்டகையில் அடைக்கும்போது இதையும் நினைவில் வைக்கவேண்டும்.

சாரலும் வரக்கூடாது, காற்றும் நிற்கக்கூடாது என்றால் வழி என்ன? காற்று வரும் பக்கத்தை முழுக்க மூடுங்கள். எதிர்ப்பக்கத்தில், கூரைக்குச் சற்றுக் கீழே, ஒரு சாண் உயரத்துக்கு நீளவாக்கில் வலை மட்டும் அடித்துத் திறந்து விடுங்கள். வெதுவெதுப்பான ஈரக்காற்று மேலெழுந்து அவ்வழியே வெளியேறும். கீழே படுத்திருக்கும் விலங்கின் மேல் நேராகக் காற்று அடிக்காது. முன்பக்கத் தார்ப்பாயைச் சுருட்டி இறக்கும் திரையாகக் கட்டினால், மழை விட்ட நேரத்தில் ஏற்றிவிடலாம். போதுமான காற்று இருக்கிறதா என்று பார்க்க நின்றபடி முகர்ந்தால் போதாது. கினிப்பன்றியின் மூக்கு தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் இருக்கிறது. உங்கள் முகத்தையும் அந்த உயரத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். கண்ணில் எரிச்சல் தெரிந்தால் உள்ளே இருக்கும் விலங்கு பல மணி நேரமாக அம்மோனியாவைச் சுவாசித்துக்கொண்டிருக்கிறது.

தீனியில் ஏறும் ஈரம்

உணவில் மிகப் பெரும்பங்கு காய்ந்த புல்லாக இருக்கவேண்டும். பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்வதால் தேய்க்கவும், குடல் நிற்காமல் ஓடவும் அது வேண்டும். மழைக்காலத்தில் அந்தப் புல்லே ஆபத்தாக மாறலாம். ஓதமேறிய புல்லில் பூசணம் வந்தால் அதன் நுண்துகள் மூச்சில் போகும், நஞ்சு வயிற்றில் போகும். மக்கிய வாடை அடிக்கும் புல்லை வெயிலில் காட்டிப் போடுவதால் நஞ்சு போய்விடாது, தூக்கி எறிவதே சரி. கடலைப் பிண்ணாக்கில் வரும் அஃப்ளாடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு; கினிப்பன்றி அதற்கு எளிதில் இலக்காகும். ஒரு மாதத்துக்குரிய புல்லை மட்டும் வாங்கி, தரையில் படாமல் பலகை மேல், காற்றுப் புகும் சாக்கில் வையுங்கள். பச்சைப்புல் நனைந்திருந்தால் விஷம் என்ற பயம் பொதுவாக உண்டு. புல்லின் மேல் இருக்கும் நீர்த்துளி கெடுதல் செய்வதில்லை. நனைந்த புல்லைக் குவித்துவைத்து அது சூடேறிப் புளித்த பிறகு போடுவதுதான் வயிற்றை உப்பவைக்கும். உதறி, பரப்பி, ஒரு மணி நேரம் நிழலில் ஆறவைத்துப் போடலாம். தெருவோரத்துப் புல்லை மட்டும் மழைக்காலத்தில் தொடவே வேண்டாம். சாக்கடையும் எலியின் சிறுநீரும் கலந்து ஓடிய நீர் அதன் மேல் போயிருக்கும்.

நம்மைப் போலவே கினிப்பன்றியும் வைட்டமின் சி-யைத் தன் உடலில் தயாரிக்க முடியாத விலங்கு. 1907-ல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிஷ் என்ற இருவர் ஸ்கர்வி நோயைச் சோதனையில் வரவழைத்துக் காட்டியது இந்த விலங்கிடம்தான். கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை அதற்கு வேண்டும். குறைந்தால் ஈறும் மூட்டும் கெடுவதோடு நோய் எதிர்ப்பும் சரியும். கடையில் விற்கும் குச்சித் தீவனத்தில் இந்தச் சத்து சேர்க்கப்பட்டிருந்தாலும் வெப்பமும் ஈரமும் அதை வேகமாக அழிக்கும். மழைக்காலத்தில் பையைத் திறந்தே வைத்திருந்தால் எஞ்சியிருப்பது வெறும் மாவு. தண்ணீரில் சொட்டு மருந்தாகக் கலப்பதும் நம்பத்தக்கதல்ல. கரைந்தபின் அது சீக்கிரம் வீணாகும். நம் சந்தையிலேயே தீர்வு இருக்கிறது: ஒரு விலங்குக்கு ஒரு சிறு துண்டு கொய்யாவோ, இரண்டு விரல் அகலக் குடைமிளகாயோ அன்றாடத் தேவையைப் பெரும்பாலும் ஈடுகட்டும். தீவனத்தை மூடி இறுகும் டப்பாவில் வைத்தால் எலியும் வராது.

எலி வருவது தனிக் கவலை. வளைகளில் நீர் புகுந்ததும் எலியும் பெருச்சாளியும் மேடான இடம் தேடும். அவற்றைத் தேடிப் பாம்பும் வரும். கோழிவலை எலிப் பல்லுக்குத் தாங்காது. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் வேண்டும். எலியின் சிறுநீர் வழியே லெப்டோஸ்பைரா பரவுவது மழைக்காலத்தில்தான் அதிகம். அது வளர்ப்பவருக்கும் தொற்றும் என்பதால், காலில் செருப்பும் கையில் உறையும் இல்லாமல் தேங்கிய நீரில் இறங்கிக் கூட்டைக் கழுவாதீர்கள்.

கையில் எடுத்துப் பாருங்கள்

இரையாகும் விலங்குகள் நோயை மறைக்கும். தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஆகவே மழை நாள்களில் தினமும் ஒருமுறை கையில் எடுக்கவேண்டும். வயிற்றடியும் பின்புறமும் காய்ந்திருக்கின்றனவா என்பது முதல் கேள்வி. மலமும் சிறுநீரும் ஒட்டிய ஈர ரோமத்தில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வந்துவிடும். பாதம் சிவந்திருக்கிறதா, காதோரமும் மூக்கோரமும் ரோமம் உதிர்ந்து செதிலாக இருக்கிறதா, மூச்சில் கிளிக் என்ற ஓசை வருகிறதா, கண் ஓரம் பீளை கட்டியிருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். செதில் படர்தாமரையாக இருந்தால் குழந்தைகளுக்கும் ஒட்டும். சமையலறைத் தராசில் எடை குறித்து வையுங்கள். சில நாளில் 50 கிராம் இறங்கினால் அது செய்தி. அரை நாளாகத் தின்னவில்லை என்றால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் போகவேண்டும். வீட்டில் இருக்கும் அமாக்சிசிலின் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் வழக்கம் உயிரைக் குடிக்கும். பென்சிலின் வகை மருந்துகள் இந்த விலங்கின் குடலில் நல்ல கிருமிகளை அழித்து, நஞ்சு சுரக்கும் கிருமிகளைப் பெருகவைக்கும். நனைந்துவிட்டால் துவாலையால் ஒற்றி எடுத்து, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியின் பக்கத்தில், விலகிப் போக இடம் விட்டு வையுங்கள். உடல் சூடாகும் முன் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

எப்போது உள்ளே

இவ்வளவும் செய்த கூடும் சாதாரண மழைக்குத்தான். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. நாம் சொன்ன ஒன்றரை அடிக் கால் 45 சென்டிமீட்டர். வேறெங்கிருந்தும் நீர் ஓடி வராமல், பெய்த மழை அப்படியே நின்றாலே அது கூட்டின் அடிப்பலகையைத் தாண்டும். வானிலை மையம் ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை கொடுத்த நாளில், இரண்டு நாளாக விடாமல் பெய்யும்போது, புயலில் காற்று திசை மாறிச் சுழலும்போது, குட்டி ஈன்ற தாயோ நோயுற்ற விலங்கோ இருக்கும்போது, மாற்றிப் போடக் காய்ந்த படுக்கை தீர்ந்துபோனபோது, விலங்கு வீட்டுக்குள் வரவேண்டும். வீட்டில் நாறும் என்பது கடைசி ஆட்சேபம். நாற்றம் விலங்கினுடையதல்ல, எடுக்கப்படாத படுக்கையினுடையது. உள்ளே நாறும் அளவுக்குப் படுக்கை கிடக்குமானால் அதே படுக்கை வெளியேயும் அதன் மூச்சைக் கெடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கும். இடமில்லை என்றால், இரண்டு அடிக்கு நாலு அடி மூலை ஒன்றும் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியும் மூன்று நான்கு நாளைக்குப் போதும். உள்ளே கொண்டுவருவதும் திரும்ப வைப்பதும் அதிர்ச்சி தரும் என்ற அச்சத்துக்கு இடமில்லை; ஏ.சி. ஓடாத அறைக்கும் வெளித்திண்ணைக்கும் வித்தியாசம் சில டிகிரிதான். கூடு திண்ணையிலோ கார் நிறுத்தும் இடத்திலோ வீட்டுக் கூரைக்கு அடியிலேயே இருக்குமானால், இந்த முடிவை ஆண்டுக்குச் சில நாள்கள் மட்டுமே எடுக்கவேண்டியிருக்கும். இனி கூடு செய்யப்போகிறவர்களுக்கு ஒரே ஆலோசனை: தோட்டத்தின் நடுவை விட்டுவிட்டு, ஏற்கெனவே கூரையும் மேடான தரையும் உள்ள இடத்தில் தொடங்குங்கள். தார்ப்பாய்க்கு ஒதுக்கிய பணத்தைப் படுக்கைக்குச் செலவிடுங்கள்.